மும்பை நகரப் பேருந்துகள்: உடைமையும் பொறுப்பும்



மும்பையின் புறநகர் இரயில் தடங்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைந்தவை. நகரைக் குறுக்கே கடப்போரும், நிலையத்திலிருந்து வீடு சேர்வோரும் நாடுவது ‘பெஸ்ட்’ பேருந்தையே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தாராவியில் குடியேறிய தொழிலாளர், மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் அலுவலர், மாணவர் ஆகிய அனைவருக்கும் இது பொதுவான ஊர்தியாகும். எனவே, அந்த வண்டிகள் யாருடைய உடைமை என்னும் வினா கணக்கேட்டோடு முடிந்துவிடுவதன்று.

இந்நகரில் 1874-இல் குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1907-இல் மின்சார டிராம் வந்தது. 1926 ஜூலை 15 அன்று, ஆப்கன் தேவாலயத்திற்கும் கிராஃபோர்டு சந்தைக்கும் இடையே முதல் மோட்டார் பேருந்து ஓடியது. 1937-இல் இரட்டை அடுக்குப் பேருந்து அறிமுகமாயிற்று. இவை யாவும் தனியார் நிறுவனத்தின் பணிகள். 1947 ஆகஸ்டு 7 அன்று மாநகராட்சி அந்நிறுவனத்தை ஏற்றது. அப்போது இருந்தவை 242 பேருந்துகளும் 23 தடங்களுமே. 1964 மார்ச் 31-உடன் டிராம் விடைபெற்றது. அதன் சுமையையும் பேருந்துகளே தாங்கின. பிற்காலத்தில் வண்டிகளின் எண்ணிக்கை 4,000-ஐக் கடந்தது.

இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது யாது? மின்விநியோகமும் போக்குவரத்தும் ஒரே அமைப்பின் கீழ் இருந்தமையால், முன்னதன் உபரி பின்னதன் இழப்பை நெடுங்காலம் ஈடுசெய்தது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்திற்குப் பின் அவ்வழி குறுகிற்று. இழப்பு பெருகவே, புதிய வண்டி வாங்குதல் தளர்ந்தது.

இதற்கு மாற்றாகக் குத்தகை முறை விரிவாக்கப்பட்டது. இம்முறையில் வண்டி, ஓட்டுநர், எரிபொருள், பராமரிப்பு அனைத்தும் ஒப்பந்ததாரருடையவை. ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப ‘பெஸ்ட்’ பணம் செலுத்தும். 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைக்கப்பட்டது, பயணிகள் திரண்டனர். மின்கலப் பேருந்துகளும் வந்தன. 2023-இல் டீசல் இரட்டை அடுக்கு வண்டிகள் ஓய்வுபெற, அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஸ்விட்ச் நிறுவனத்தின் மின்சார இரட்டை அடுக்கு வண்டிகள் அவ்விடத்திற்கு வந்தன. இவை நன்மைகளே.

ஆயினும், மறுபக்கமும் உண்டு. 2023 ஆகஸ்டில் ஒப்பந்த ஓட்டுநர்கள் ஊதிய உயர்வு கோரி வேலை நிறுத்தம் செய்தபோது, பல பணிமனைகளில் வண்டிகள் முடங்கின. நிறுத்தங்களில் மக்கள் காத்து நின்றனர். 2025-ஆம் ஆண்டளவில் சொந்தப் பேருந்துகள் ஆயிரத்திற்கும் கீழே சென்றன. அவ்வாண்டு மே மாதத்தில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயாயிற்று.

2020-இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது புறநகர் இரயில்கள் பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டன. மருத்துவமனைப் பணியாளரையும் துப்புரவுத் தொழிலாளரையும் பணியிடம் சேர்த்தவை இப்பேருந்துகளே. நெருக்கடியில் ஆணையிட்டவுடன் புறப்படும் வண்டி, பொது அமைப்பின் கையில் ஓரளவேனும் இருத்தல் வேண்டும். குத்தகை தவறன்று, ஆனால் அது சொந்த வலிமைக்குத் துணையாகலாமேயன்றி, அதற்கு ஈடாகாது. பேருந்தின் இழப்பைக் கணக்கிடும் அலுவலர், அது இல்லாத நாளில் தொழிலாளி இழக்கும் கூலியையும் சேர்த்தே கணக்கிடுதல் முறையாகும்.