ஒலிபெருக்கியின் முன் ஓரிடம்

(ஊராட்சி ஒன்றியக் கலை விழாவில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் ஊர்களில் எந்த விழா நடந்தாலும் விருந்தினரை வரவேற்பவை பறையும் நாயனமும் கரகமுமேயாகும். விருந்தினர் மேடையேறியதும் வாத்தியங்கள் ஓய்ந்துவிடுகின்றன. பின்னர் கிராமியக் கலைகளின் மேன்மையைப் பற்றி நாம் பேசுகிறோம். அக்கலைக்கே வாழ்நாளை அளித்தவர்கள் பந்தலுக்கு வெளியே நின்று கேட்கிறார்கள்.

சென்ற ஆண்டு விழாவில் நாங்களும் இத்தவறைச் செய்தோம். ஒன்பது பேர் சொற்பொழிவாற்றினோம். அவர்களுள் கலைஞர் ஒருவரும் இல்லை. பெண் ஒருவரும் இல்லை. விழா முடிந்தபின் கரகமாடும் மூதாட்டி ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, எங்களையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருந்தா ஒண்ணு கேட்டிருப்பேன்" என்றார். என்னவென்று வினவினோம். உடை மாற்ற மறைவிடமின்றி, பெண்கள் அனைவரும் மாட்டுக் கொட்டகையில் மாற்றினார்களாம். ஒன்பது சொற்பொழிவுகளில் ஒன்றிலேனும் இச்செய்தி இல்லை.

இது சிற்றூர்களின் குறை மட்டுமன்று. 1928-இல் தோன்றிய சென்னை சங்கீத வித்வத் சபையின் ஆண்டு மாநாட்டிற்கு ஒரு பெண்மணி தலைமை வகித்தது 1968-இல்தான். அவர் எம். எஸ். சுப்புலட்சுமி. அதற்கு முன்பும் பெண்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பாடுவதற்கு இடமிருந்தது, தலைமையுரைக்கு இல்லை.

2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதுக்குத் தகுந்த கலைக்கு மேடையில் பேசத் தகுதியில்லையா?

"அவர்களுக்குப் பேச வராதே" என்பார் சிலர். கூத்தில் கட்டியங்காரன் விடிய விடியப் பேசி ஊரையே சிரிக்கவைக்கிறானே! பேச்சு அவர்களிடம் உண்டு, நாம்தான் அழைப்பதில்லை. சபைக் கூச்சம் உள்ளவரை அமரவைத்துக் கேள்வி கேட்போம். அவர் தம் ஊர்ப் பேச்சிலேயே விடை கூறட்டும்.

ஆகவே இவ்வாண்டு நிகழ்ச்சி நிரலை மாற்றினோம். அலுவலர் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். மிச்சப்படும் நேரம் கலைஞர்களுக்கு. அவர்களுக்கும் மேடையில் நாற்காலி உண்டு. பெண்கள் முதலில் பேசுவார்கள். பந்தலுக்குப் பின்புறம் தட்டி கட்டிய அறைகள் இரண்டு அமைத்துள்ளோம். அந்த மூதாட்டி கேட்டதால் கிடைத்தவை அவை.

எமது ஐந்து நிமிடம் முடிந்தது. அவ்வம்மையார் இதோ மேடையில் அமர்ந்திருக்கிறார். ஒலிபெருக்கியை அவரிடம் ஒப்படைக்கிறோம்.