பக்கத்து வீட்டுச் சீனர்கள்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)



உலகெங்கும் குடியேறிய சீனர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். சிங்கப்பூர், மலேசியா கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதனால் நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அசாமில் மாகும் என்று ஒரு சிறிய ஊர். தேயிலைத் தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று 1830களின் கடைசியில் ஆங்கிலேயர்கள் அசாமுக்குச் சீனர்களை வரவழைத்தார்கள். பிறகும் பலர் வந்தார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். மாகுமில் கடை, தச்சுப் பட்டறை, பள்ளிக்கூடம் என்று ஒரு சீனத் தெருவே உருவானது. பேரப்பிள்ளைகள் அசாமிய மொழி பேசி வளர்ந்தார்கள்.

1962 அக்டோபரில் சீனப் போர் வந்தது. நவம்பரில் போலீஸ் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ரயிலில் ஏற்றி, நாள் கணக்கில் ஓட்டி, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் கொண்டுபோய் இறக்கினார்கள். அசாம், ஷில்லாங், டார்ஜிலிங் பகுதிகளிலிருந்து சுமார் 3,000 பேர். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கிழவர்களும் கைக்குழந்தைகளும்கூட உண்டு. போர் நடந்ததோ ஒரே மாதம். சிலர் முகாமில் இருந்தது நான்கு வருடத்துக்கும் மேல்!

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சீனாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் 1963இல் கப்பல் ஏறியது நம் சென்னைத் துறைமுகத்தில்தான். அந்தக் கப்பல்களில் போன பிள்ளைகளில் பலர் சீனாவைக் கண்ணால் கண்டதில்லை. கணவன் சீன வம்சம், மனைவி உள்ளூர்க்காரி என்ற குடும்பங்கள் சில அப்படியே இரண்டாகப் பிரிந்தன.

முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்களில் பலருக்கு வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. ஏலம் என்றால் கேட்டவர்கள் இருந்திருக்க வேண்டுமே. அவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தானே?

அசாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரி இதை வைத்து ‘மாகாம்’ என்ற நாவல் எழுதியிருக்கிறார், வெளிவந்தது 2010இல். முகாமில் இருந்தவர்களில் பலர் பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து இந்திய அரசிடம் ஒரு மன்னிப்புக் கேட்டு வருகிறார்கள். அது இன்னும் கிடைக்கவில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.