நாலு கம்பி வாத்தியம்

பாட்டில் பாடகர் குரல் காதில் விழும். அடியில் ஒரு ஒலி நெஞ்சையே தொடும். அதுதான் பேஸ் கிட்டார். பெரும்பாலும் நாலே கம்பி. அதில் தடித்த கம்பியைத் தட்டினால் நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும்.

அமெரிக்காவில் கேரல் கே என்று ஒரு பெண்மணி. 1949-லேயே, 14 வயதில், கிட்டார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். 1963-ல் ஹாலிவுட்டில் ஒரு பாடல் பதிவு. பேஸ் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. இவர் அதை எடுத்து வாசித்தார். அப்புறம் அதுவே அவருடைய வாத்தியமாகிவிட்டது. ஆயிரக்கணக்கான பதிவுகள்! 1969-ல் பேஸ் பழகுகிறவர்களுக்குப் பாடப் புத்தகமும் எழுதினார். பல வருஷம் சொல்லிக்கொடுத்த ஒருவர் புது வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டாரே, அதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரே சுரத்தைத் தாளம் பிசகாமல் வாசித்துப் பழகுங்கள். விரல் நுனி கொஞ்ச நாள் வலிக்கும். தோல் தடித்ததும் சரியாகிவிடும். சொல்லித்தரவும் ஆசையா? தெரிந்த பிள்ளை ஒருவரை எதிரே உட்காரவைத்து, தெரிந்ததை மட்டும் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.