ஒரு பழைய காரின் விலை



பழைய மோட்டார் கார் ஒன்றுக்கு என்ன விலை கொடுக்கலாம்? இருபது ஆண்டுகள் நம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய வண்டியாக இருந்தால், பழைய இரும்பு வாங்குபவர் நிறுத்துப் பார்த்துத்தான் விலை சொல்லுவார். ஆனால் 2022ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரில், 67 வயதான ஒரு கார் ஏலத்தில் 135 மில்லியன் யூரோவுக்கு விற்கப்பட்டது. மலேசிய வெள்ளியில் கணக்கிட்டால் அன்றைய மதிப்பில் அறுபது கோடிக்கும் மேல்! அதற்கு முன்பு ஏலத்தில் மிக அதிக விலை பெற்றது, 2018இல் 48.4 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போன ஓர் இத்தாலிய ஃபெராரி கார். ஜெர்மன் கார் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விலை பெற்றுவிட்டது.

மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். என்பது அந்தக் காரின் பெயர். அதை 'ஊலன்ஹவுட் கூப்பே' என்றும் அழைப்பார்கள். ருடால்ஃப் ஊலன்ஹவுட் என்பவர் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர்களில் ஒருவர். தந்தை ஜெர்மானியர், தாய் ஆங்கிலேயர். தாம் வடிவமைத்த வண்டியைத் தாமே ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பவர். பந்தய வீரர்களுக்கு ஈடாக ஓட்டக்கூடியவர் என்றும் பெயர் வாங்கியவர்.

இந்தக் கார் ஏன் இவ்வளவு மதிப்புப் பெற்றது என்பதை அறிய, 1955ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மே முதல் நாள் இத்தாலியில் மில்லே மீலியா என்னும் பந்தயம் நடந்தது. பிரேஷியா நகரில் புறப்பட்டு, ரோமாபுரி வரை சென்று, மறுபடியும் பிரேஷியாவுக்கே திரும்ப வேண்டும். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். தனிப் பந்தயத் திடல் எதுவும் கிடையாது; ஊர்களுக்கு நடுவே போகும் சாதாரணச் சாலைகள்தாம். அதில் கூரையில்லாத 300 எஸ்.எல்.ஆர். காரை ஓட்டியவர் ஸ்டெர்லிங் மாஸ் என்னும் ஆங்கிலேயர். பக்கத்தில் அமர்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன், ஒரு பத்திரிகையாளர். முன்கூட்டியே பாதை முழுவதையும் பார்த்து, எந்த வளைவு ஆபத்தானது, எங்கே மேடு, எங்கே வேகமாகப் போகலாம் என்றெல்லாம் ஒரு நீண்ட காகிதச் சுருளில் ஜென்கின்சன் எழுதி வைத்திருந்தார். எஞ்சினின் இரைச்சலில் வாய்ப்பேச்சு காதில் விழாது. ஆகவே சுருளைச் சுற்றிக்கொண்டே கையால் சைகை காட்டினார். 10 மணி 7 நிமிடத்தில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டர். வென்றது எஞ்சினா, அந்தக் காகிதச் சுருளா என்று கேட்டால், எங்கள் ஓட்டு பாதி சுருளுக்குத்தான்!

ஆனால் ஆறு வாரங்கள் கூடக் கழியவில்லை. ஜூன் 11ஆம் நாள் பிரான்சில் லெ மான் பந்தயத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கார் முன்னே சென்ற வண்டியின் பின்புறத்தில் மோதி, மேலே எழும்பி, கரையில் விழுந்து சிதறியது. அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. ஓட்டிய பியேர் லெவே மட்டுமன்றி, பார்த்துக்கொண்டிருந்த மக்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எடை குறைய வேண்டுமென்று காரின் உடலை மக்னீசியம் கலந்த உலோகத்தால் செய்திருந்தார்கள். மக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீரால் அணையாது. ஊற்ற ஊற்ற இன்னும் மூர்க்கமாக எரியும். மெர்சிடிஸ் குழு முன்னணியில் இருந்தபோதே, நள்ளிரவுக்குப் பின் தன் கார்களைப் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. அந்த ஆண்டு முடிவில் பந்தயத் துறையை விட்டே வெளியேறியது.

அதனால் ஒரு வேலை பாதியில் நின்றது. நீண்ட பந்தயங்களில் காற்றும் மழையும் ஓட்டுநரை வாட்டாமல் இருக்க, கூரை போட்ட வகையாக இரண்டே இரண்டு கார்கள் தயாராகியிருந்தன. அவை எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. ஊலன்ஹவுட் அவற்றில் ஒன்றைத் தம் அலுவல் பயணங்களுக்கு எடுத்துக்கொண்டார். மணிக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர் போகக்கூடிய வண்டியில் வேலைக்குப் போய்வந்த மனிதர்! சத்தத்தைக் குறைக்கப் பெட்டி போன்ற ஒரு பெரிய ஒலித்தடுப்பானைப் பொருத்திக்கொண்டாராம்.

அந்தக் காரின் கதவுகள் பக்கவாட்டில் திறப்பதில்லை; பறவை சிறகு விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும். இது அழகுக்காகச் செய்ததன்று. மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்துச் சட்டம் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக் கூரைக்கு மரம் இணைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: முக்கோணம் நெளியாது, எடையும் குறைவு. ஆனால் அந்தச் சட்டம் பக்கங்களில் உயர்ந்து நின்றதால், சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. ஆகவே கீலைக் கூரையில் மாட்டினார்கள்.

நன்றாகப் பேணிய கார் என்றால் என்ன? பளபளப்பு மட்டும் போதாது. சாயத்துக்குள் துருவை மறைக்கலாம். பட்டணத்தில் பழைய காடி வாங்கிய நேயர்கள் சிலருக்கு இது பட்டறிந்த பாடமாக இருக்கும். சட்டத்தில் பொறித்த எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா, பாகங்கள் பழையவையா, பின்னால் மாற்றியவையா என்றுதான் அறிந்தவர்கள் பார்ப்பார்கள். இரும்பைக் காட்டிலும் ரப்பர் விரைவில் கெடும். நாம் வெட்டும் பால் டயராகவும் குழாயாகவும் ஆன பின்பு, ஓடாமல் சும்மா நின்றாலும் காற்றிலும் வெயிலிலும் இறுகி வெடித்துவிடுகிறது. ஆகவே எத்தனை அரிய கார் ஆனாலும், அது ஓட வேண்டுமென்றால் டயரை மாற்றியே ஆக வேண்டும். இந்தக் காருக்கு இருந்த பெரிய பேறு, 1955 முதல் 2022 வரை செய்தவர்களின் கையிலேயே இருந்தது. இடையில் வேறு உரிமையாளரே இல்லை.

அப்படி வைத்திருந்ததை ஏன் விற்றார்கள்? கிடைத்த பணத்தைக் கொண்டு, சுற்றுச்சூழலைக் காக்கும் துறைகளில் இளைஞர்கள் படிப்பதற்கும் ஆராய்வதற்கும் உதவித்தொகை வழங்க ஒரு நிதியைத் தொடங்குவதாக நிறுவனம் அறிவித்தது. பரம்பரைச் சொத்தை விற்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த தாய்மார்கள் நம் வரிசை வீடுகளில் எத்தனையோ பேர். அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும்: அந்தத் தாய்க்கு இருந்தது ஒரே சங்கிலி, நிறுவனத்திடம் இருந்தவையோ இரண்டு கார்கள்.

வாங்கியவரின் பெயர் வெளியிடப்படவில்லை. சிறப்பான நாட்களில் அந்தக் காரை மக்கள் பார்வைக்குக் கொண்டுவர அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன் உடன்பிறப்பை நிறுவனம் விற்கவில்லை. ஸ்டட்கார்ட் காட்சியகத்துக்கென்றே தன்னிடம் வைத்துக்கொண்டது.