சிந்தெடிக் ஊற்றினால் எஞ்சின் தேயாதா?

நியூயார்க் டாக்சிகளுக்கு ஓய்வு என்பதே கிடையாது. ஒரு ஓட்டுநர் இறங்கினால் அடுத்தவர் ஏறிக்கொள்வார். எஞ்சின் ஆறுவதற்குள் அடுத்த சவாரி கிளம்பிவிடும். எந்த எஞ்சின் ஆயில் நல்லது என்ற பழைய சண்டையைத் தீர்க்க, 1990-களில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் இந்த டாக்சிகளைத்தான் பிடித்தது. புதுப்பித்த எஞ்சின் பொருத்திய 75 வண்டிகள் 22 மாதங்களில் ஒவ்வொன்றும் 60,000 மைல் ஓடின. நம் கணக்கில் சுமார் 96,000 கிலோமீட்டர். சிலவற்றில் மினரல் ஆயில், சிலவற்றில் சிந்தெடிக். ஓட்டம் முடிந்ததும் எஞ்சின்களை இறக்கிப் பிரித்து, கேம் ஷாஃப்ட், வால்வு லிஃப்டர், கனெக்டிங் ராடு பேரிங் என்று தேயக்கூடிய பாகங்களை எடுத்து அளந்தார்கள். 1996 ஜூலையில் முடிவு வெளியானது. மலிவான ஆயிலுக்கும் விலையுயர்ந்த ஆயிலுக்கும் தேய்மானத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய வண்டியையும் 6,000 மைலுக்கு மாற்றிய வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் அப்படித்தான்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் சிந்தெடிக் என்பதே காசு பறிக்கும் வேலையா?" என்று நேயர்கள் சிலர் கொதிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அந்த இதழே சொல்லியிருந்தது: ஊருக்குள் ஓடும் டாக்சி குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவது அபூர்வம். எஞ்சின் அதிகம் தேய்வதோ அந்த நேரத்தில்தான். ராத்திரி முழுக்க நிற்கும் வண்டியில் ஆயில் கீழே சம்ப்புக்கு இறங்கிவிடுகிறது. காலையில் சாவியைத் திருப்பியதும், பம்ப் அதை மேலே ஏற்றும்வரை சில நொடிகளுக்கு ரிங்கும் சிலிண்டர் சுவரும் கேமும் லிஃப்டரும் மெல்லிய படலத்தை மட்டும் நம்பி உரசிக்கொள்கின்றன. எரியாத பெட்ரோல் கொஞ்சமும் ஈரம் கொஞ்சமும் ஆயிலில் கலப்பதும் எஞ்சின் சூடேறும் அந்த நேரத்தில்தான். எப்போதும் சூடாகவே இருந்த டாக்சி இந்தத் தொல்லைகளைப் பார்த்ததே இல்லை. மினரல் ஆயிலுக்கு வராத பாடத்திலிருந்து அங்கே கேள்வியே கேட்கப்படவில்லை.

அந்த வராத பாடம் எது? இரண்டு ஆயிலும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் புரியும். மினரல் ஆயில் என்பது கச்சா எண்ணெயைப் பிரித்து, மெழுகும் கந்தகமும் போகுமளவுக்குச் சுத்தம் செய்து எடுப்பது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் அதில் பெரியதும் சிறியதுமாகப் பல வகை மூலக்கூறுகள் கலந்தே கிடக்கும். சிறியவை சூட்டில் ஆவியாகும். மீந்த மெழுகு குளிரில் இறுகும். பாலிஆல்ஃபாஓலிஃபின் என்ற அசல் சிந்தெடிக் அப்படியல்ல. ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகளைக் கோத்துத் தொழிற்சாலையில் உருவாக்குவது அது. இரண்டுக்கும் நடுவே இன்னொரு வகை இருக்கிறது. கச்சா எண்ணெயிலிருந்து வந்த சரக்கையே ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்துக் கடும் அழுத்தத்தில் உடைத்து, மறுபடி வடிவமைப்பார்கள். ஆயில்காரர்கள் கணக்கில் இது மூன்றாம் குரூப்.

இந்த மூன்றாம் குரூப்பை சிந்தெடிக் என்று விற்கலாமா? காஸ்ட்ரால் நிறுவனம் அப்படி விற்றது. போட்டி நிறுவனமான மொபில் எதிர்த்துப் புகார் கொடுத்தது. 1999-இல் அமெரிக்க விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து கடைகளில் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று அச்சடித்து வரும் டப்பாக்களில் பெரும்பங்கு இந்த மூன்றாம் குரூப் சரக்குதான். இதில் மோசடி என்று கூச்சல் போட ஒன்றுமில்லை, நன்றாகத் தயாரித்த மூன்றாம் குரூப் ஆயில் தரமானதே. ஆனால் டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் அந்த ஒரு சொல், உள்ளே இருப்பது என்ன என்பதை முழுசாகச் சொல்வதில்லை.

2017-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ இன்னொரு சோதனை செய்தது. இந்த முறை எஞ்சினைத் தொடவே இல்லை. ஐந்து சிந்தெடிக், ஐந்து சாதாரண ஆயில், எல்லாமே ஆய்வுக்கூடத்தில். எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவு கசடு படிகிறது, கடுங்குளிரில் பம்ப் இழுக்குமா, சூட்டில் எவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்று பார்த்தார்கள். சராசரியாகச் சிந்தெடிக் 47 சதவீதம் மேல் என்று வந்தது. கூடுதல் செலவு ஆண்டுக்கு சுமார் 64 டாலர். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு "சிந்தெடிக் ஊற்றினால் எஞ்சின் 47 சதவீதம் அதிக காலம் உழைக்கும்" என்று விற்பவர்கள் உண்டு. அந்தச் சோதனை அப்படிச் சொல்லவில்லை. ஆயில் அதிக நாள் தாங்கும் என்றுதான் சொன்னது. எஞ்சின் அதனால் பிழைக்குமா என்பது, அந்த ஆயிலை எவ்வளவு நாள் உள்ளே விட்டுவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1998 முதல் 2001 வரையிலான மெர்சிடிஸ் கார்கள் அமெரிக்காவில் ஒரு புது வசதியோடு வந்தன. ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று காரே கணக்குப் போட்டுச் சொல்லும். இடைவெளி 10,000 மைலையும் தாண்டிப் போகும். அவ்வளவு தூரம் தாங்கச் சிந்தெடிக் ஆயில் வேண்டும். அதைத் தங்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதும், மினரல் ஆயிலோடு ஓட்டியதால் எஞ்சின் பாழானது என்பதும் உரிமையாளர்களின் புகார். வழக்கு 2003-இல் சுமார் 3.2 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

ஃபோக்ஸ்வாகன் பஸாட்டிலும் ஆடி ஏ4-இலும் வந்த 1.8 லிட்டர் டர்போ எஞ்சினின் கதை இன்னும் நெருக்கமாகப் பார்க்கத் தக்கது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்கும் பேரிங்குக்கு உயவு, எஞ்சினில் ஓடும் அதே ஆயில்தான். வேகமாக வந்து சட்டென்று வண்டியை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுபோகும். டர்போவின் சூடு மட்டும் நிற்காது. அங்கே தேங்கிய ஆயில் வெந்து கரியாகிறது. இந்த எஞ்சினின் சம்ப் வேறு சிறியது, கொஞ்ச ஆயிலே எல்லாச் சூட்டையும் சுமக்க வேண்டியிருந்தது. கரியும் மண்டியும் சேர்ந்து சம்ப்பின் அடியில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்துக்கொண்டன. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். மேலே கேமுக்கும் டர்போவுக்கும் மட்டும் ஆயில் போய்ச் சேராது. சிவப்பு விளக்கு எரிவதற்குள் பேரிங் போயிருக்கும். 2004-இல் நிறுவனம் இந்தச் சேதத்துக்கு உத்தரவாதத்தை எட்டு ஆண்டாக நீட்டியது. கூடவே ஒரு நிபந்தனை: நேரத்துக்கு ஆயில் மாற்றியதற்கு ரசீது வேண்டும்.

ஆக, டர்போ உள்ள எஞ்சின், நீண்ட இடைவெளி, கடுங்குளிர் ஆகிய மூன்றில்தான் சிந்தெடிக் வாங்கிய காசுக்கு வேலை செய்கிறது.

நம் ஊரில் கடுங்குளிர் இல்லை. டப்பாவில் 5டபிள்யூ என்று குறித்த ஆயிலைக் குளிருக்குச் சோதிப்பது உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில், 0டபிள்யூ என்றால் 35 டிகிரியில். சென்னை மார்கழியில்கூட 20 டிகிரிப் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் மற்ற இரண்டும் நம்மிடம் வந்துவிட்டன. ஒரு லிட்டர் எஞ்சினிலேயே இன்று டர்போ இருக்கிறது. சர்வீஸ் இடைவெளியும் பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை என்று இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் ஓட்டமாக ஓடும் கார் சரியாகச் சூடேறுவதே இல்லை. டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நின்றால் மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, ஆயிலுக்கு வயது ஏறும். இப்படி ஓடும் காருக்கு எந்த ஆயில் ஊற்றினாலும் இடைவெளியைக் குறைப்பதுதான் புத்தி.

"நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-40 தான் சார் தாங்கும்" என்று பட்டறையில் சொல்வார்கள். பழைய வண்டிகளுக்கு அது சரியான பேச்சு. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் நெருக்கமானவை. வால்வு நேரத்தை மாற்றும் பொறிகளும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் எஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றினால், பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யும் நேரத்து உரசலைக் கூட்டுகிறோம். இவ்வளவு மெல்லிய ஆயிலைப் பழைய முறை மினரல் சரக்கில் தயாரிக்க முடியாது. அந்தக் கார்களுக்கு மினரலா சிந்தெடிக்கா என்ற கேள்வியே எழுவதில்லை.

டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் டப்பாவின் பின்பக்கம் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐயின் முத்திரையில் எஸ்பி என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2020-இல் வந்த தரம் இது. குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பெட்ரோல் நேரம் தவறி வெடித்து பிஸ்டனை உடைக்கும் கோளாறைத் தடுப்பதும் இதன் வேலைகளில் ஒன்று. புகைவடிகட்டி உள்ள டீசல் காருக்கோ சாம்பல் குறைவாக விடும் தனி வகை ஆயில் வேண்டும். எவ்வளவு உயர்ந்த சிந்தெடிக் ஆனாலும் அந்த வகை இல்லையென்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஆயில் மாற்றும் ஒழுங்கு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஐர்வ் கார்டனைப் பார்க்கலாம். 1966-இல் வாங்கிய வால்வோ பி1800 காரை அவர் 2013-இல் 30 லட்சம் மைலுக்குக் கொண்டுவந்தார். எஞ்சினை முதன்முறை பிரித்ததே சுமார் 6.8 லட்சம் மைலில். 3,000 மைலைத் தாண்டியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுவது அவர் வழக்கம். இத்தனைக்கும் அது அறுபதுகளின் எஞ்சின்.

சில சந்தேகங்களுக்குச் சுருக்கமாகப் பதில். ஒருமுறை சிந்தெடிக் ஊற்றினால் மறுபடி மினரலுக்கு வரக்கூடாது என்பது வெறும் பேச்சு. வழியில் அளவு குறைந்தால் கிடைத்ததை ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம், இரண்டும் கலக்கும். ஆயில் கறுத்துவிட்டது என்பதற்காக அது கெட்டது என்று அர்த்தமில்லை. அழுக்கைக் கரைத்துச் சுமப்பது அதன் வேலை, டீசல் எஞ்சினில் ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். சிந்தெடிக் ஊற்றினால் சீல் ஒழுகும் என்ற பயம் எழுபதுகளின் ஆயில்களோடு போக வேண்டியது. லட்சம் கிலோமீட்டர் தாண்டி எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டால் மட்டும், ரிங் தேய்மானத்தை எந்த டப்பாவும் சரிசெய்யாது.

டர்போ இல்லாத பழைய காருக்கு, கம்பெனி புத்தகம் அனுமதித்தால், நல்ல மினரல் ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். அதில் கூடுதலாகச் செலவழிக்கும் சிந்தெடிக் காசு பெரும்பாலும் மனநிம்மதிக்குத்தான். டர்போ காரில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். எந்தக் காராக இருந்தாலும் கையுறைப் பெட்டியில் இருக்கும் புத்தகத்தை எடுத்து, கிரேடையும் தரத்தையும் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்முன் திறந்து ஊற்றச் சொல்லுங்கள், ரசீதில் அன்றைய கிலோமீட்டரை எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சமதளத்தில் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டு எடுத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு நிமிடமும் ஒரு துணியும் போதும்.