தோட்ட அலுவலகக் கணினிக்கு எந்தக் காவல்?

கோலா சாவா போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில், சிறிய அலுவலகம் ஒன்றில் ஓரிரு கணினிகள்தான் இருக்கும். ஆனால் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கு, ஊழியர் சேமநிதி, சொக்சோ விவரங்கள் எல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கும். வைரஸ் புகுந்து அவை அழிந்துபோனால், சம்பள நாளில் கிராணி கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பழுது பார்ப்பவர் சிரம்பானிலிருந்து வந்தாலும், அழிந்த கணக்கை அவரால் எழுப்பித் தர முடியாது.

"எந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் சிறந்தது?" என்றே பலரும் கேட்கிறார்கள். "எது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பழைய திருடர் பட்டியலை மட்டும் வைத்திருக்கும் காவலாளிக்குப் புதிய திருடனைத் தெரியாது. இணையம் அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில், விட்ட இடத்திலிருந்து புதுப்பிப்பைத் தொடரும் மென்பொருளே உதவும். அது பழைய கணினியை மந்தமாக்கக் கூடாது. கட்டண மென்பொருளானால், உரிமம் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். பாதுகாப்பு கூடும் என்று இரண்டை ஒன்றாகப் போட்டால் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். விண்டோஸ் 10, 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இலவசமாகவே உண்டு. ஓரிரு கணினிகளுக்கு அதை ஒழுங்காகப் புதுப்பித்து வந்தாலே பெரும்பாலும் போதும்.

காவலாளி மட்டும் போதாது. கதவும் உறுதியாக இருக்க வேண்டும். 2017 மே 12-இல் 'வான்னாக்ரை' உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் பதித்துக்கொள்ளாதவர்களே சிக்கினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் வைரஸ் புகலாம். 2017 ஜூனில் 'நாட்பெட்யா' மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. அதன் கணினி வலையமைப்பையே நிர்வகிக்கும் முக்கியத் தரவின் பிரதிகள் பல நாடுகளில் இருந்தன. ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் அத்தனையும் அழிந்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா அலுவலகத்தில் மட்டும் ஒரு பிரதி தப்பியது. காரணம், அப்போது அங்கே மின்சாரம் இல்லை! அங்கிருந்த இணையமோ மெதுவானது. அதனால் அந்தத் தரவை ஊழியர்களே விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அதை வைத்துத்தான் நிறுவனம் மீண்டெழுந்தது.

உலக நிறுவனத்தைத் தற்செயலாகக் காப்பாற்றியதைத் தோட்ட அலுவலகம் திட்டமிட்டே செய்யலாம். வெள்ளிக்கிழமைதோறும் சம்பளக் கணக்கை வெளி வன்தட்டு ஒன்றில் பதியுங்கள். உடனே கழற்றி அலமாரியில் பூட்டுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அது திறக்கிறதா என்றும் பாருங்கள். கணினியில் செருகியே வைத்திருக்கும் பிரதி, கணினியோடு சேர்ந்தே போய்விடும். கழற்றி வைத்த பிரதி இருந்தால், வைரஸ் வந்த மாதத்திலும் தொழிலாளியின் சம்பளம் தவறாது.