இகுவானாவுக்கு எத்தனை அடி இடம் வேண்டும்?

தில்லியில் நாம் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பில், அண்டை வீட்டுத் தமிழ்ச் சிறுவனுக்கு ஓர் இகுவானாக் குஞ்சு பரிசாக வந்தது. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஒரு சாண்தான் இருக்கும். அதை இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் விட்டுவிட்டு, "இதற்கு இது அரண்மனை அல்லவா, மாமா?" என்றான். நாமும் தலையசைத்தோம். ஒன்றரை ஆண்டுக்குப் பின் அது மூன்றடியாகி, திரும்பவும் வழியின்றி வாலை மடித்துக் கிடந்தது. கண்ணாடியில் உராய்ந்து மூக்கு புண்ணாகியிருந்தது. அன்று தலையசைத்த குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

இப்பிராணியை உடும்பு என்று மொழிபெயர்ப்பாரும் உளர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அது பொருந்தாச் சொல்லாகவே படுகிறது. உடும்பு ஊன் தின்பது; அதை வீட்டில் வளர்க்க நம் நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. இகுவானாவோ மத்திய, தென் அமெரிக்க நாடுகளில் மரமேறி இலை தின்று வாழ்வது. நம் வேலியோர ஓணானுக்கே நெருங்கிய உறவு. மரத்தில் வாழும் பிராணிக்குத் தரையின் பரப்பைக் காட்டிலும் உயரமே முதன்மையானது.

முழு வளர்ச்சியில் அது ஐந்தடியை எட்டும். ஆறடியைத் தொடுவதும் உண்டு. அத்தகைய பிராணிக்குக் கூண்டு ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் ஆறடி உயரமும் கொண்டிருத்தல் வேண்டும். எட்டடி உயரமாயின் இன்னும் நன்று. குஞ்சுப் பருவத்தில் சிறு கூண்டு போதும். ஆனால் பெரிய கூண்டுக்கான இடம் முன்னரே வீட்டில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு இடம் ஆடம்பரமன்று. இகுவானா தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் கொள்வதில்லை. மேற்கிளையில் விளக்கின் கீழ் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்தில் குளிர்காய்ந்த பின்னரே உண்ட இலை செரிக்கும். சூடு மிகுந்தால் இறங்கிவரக் கீழே 26 டிகிரி அளவில் தண்மை வேண்டும். சிறு பெட்டியில் எங்கும் ஒரே வெப்பம். பிராணி எங்கே போகும்? புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் அவசியம். அக்கதிர் இன்றேல் உடலில் சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு வளைந்துவிடும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு ஈடாகாது. கூண்டைப் பால்கனியில் வைத்துவிடலாம் என்று எண்ணுவோர், தில்லியின் சனவரி இரவுகளில் வெப்பம் 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதை நினைவிற் கொள்க.

நம்மைப் போன்று மாற்றல் உத்தரவுக்கு உட்பட்டோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நன்கு பேணினால் இகுவானா 15 ஆண்டுக்கு மேலும் வாழும். அதற்குள் நாம் எத்தனை ஊர், எத்தனை வீடு மாறுவோமோ! வைத்திருக்க இயலாது என்று பூங்காவில் விட்டுவிடுவதும் தகாது. அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில் அவ்வாறு விடப்பட்டவையும் தப்பியவையும் பெருகி, கால்வாய்க் கரைகளைக் குடைந்து வருகின்றன. மேலும், 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படியும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படியும் இத்தகைய அயல்நாட்டுப் பிராணியை வைத்திருப்போர் அதனை அரசிடம் பதிவு செய்தல் கடமையாகும்.

வாங்க விரும்புவோர்க்கு நாம் கூறும் யோசனை எளியது. கூடத்தின் தரையில் ஆறடிக்கு மூன்றடியாகச் சுண்ணக்கட்டியால் கோடிடுங்கள். அக்கட்டத்திற்குள் எவரும் கால் வைக்காமல், எப்பொருளும் வைக்காமல் ஒரு மாதம் குடித்தனம் நடத்திப் பாருங்கள். மனம் சலித்தால் வாங்காதிருப்பதே அப்பிராணிக்குச் செய்யும் கருணை.

அண்டை வீட்டார் கூடத்திலிருந்த கட்டிலை அகற்றி அவ்விடத்தில் கூண்டு அமைத்தனர். அச்சிறுவன் இப்போது பாய் விரித்துப் படுக்கிறான். இகுவானா மேற்கிளையில் உறங்குகிறது. அதன் மூக்குப் புண் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் மறையவில்லை.